கிரிவலம் போகும் காலுக்குச் செருப்பு வேண்டாமா?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலைக்குத் தூக்கம் கிடையாது.

சென்னையிலிருந்து பஸ் வருகிறது. விழுப்புரத்திலிருந்து ரயில் வருகிறது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வேன் வேனாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். ராஜகோபுரத்தின் முன்னால் சூடம் கொளுத்துகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக விடுகிறார்கள். வெறுங்காலுடன் மலையை வலம் வரப் புறப்படுகிறார்கள்.

மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். வழியில் இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், எம லிங்கம் என்று எட்டு லிங்கங்கள். அடி அண்ணாமலை கோவில். ஆசிரமங்கள். சுக்குக் காபிக் கடைகள். பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நடந்தால் நான்கைந்து மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

நடப்பது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ரொம்ப நல்லது. “தினமும் நட” என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆகையால் கிரிவலம் போவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்துபோன சர்க்கரை வியாதிக்காரர் வெறுங்காலுடன் 14 கிலோ மீட்டர் நடக்கலாமா?

நடக்கக்கூடாது. செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். காலில் புண் இருந்தால் செருப்புப் போட்டும் நடக்கக்கூடாது.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். காரணத்தைக் கேட்ட பிறகு சுளிக்கமாட்டார்கள்.

பல ஆயிரம் பேர்

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையுடன் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது சொல்லிற்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மேல்! அப்படியானால், ஒரு பௌர்ணமி இரவில் லட்சம் பேர் மலையைச் சுற்றினால், அவர்களில் பல ஆயிரம் பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்த வியாதி இருப்பதே தெரியாது.

இவர்கள் எல்லோருக்கும் கால் மரத்துப்போயிருக்கும் என்பதில்லை. பல ஆண்டுகளாக இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தவர்களுக்குத்தான் அது வருகிறது. எப்படி வருகிறது?

உடம்பில் உள்ள நரம்புகளில் மிகவும் நீளமானவை பாதத்துக்குப் போகும் நரம்புகள். இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை ஓடுகின்றன. அதிகச் சர்க்கரை முதலில் இந்த நீளமான நரம்புகளின் நுனியைத்தான் கெடுக்கிறது. அதனால் விரல் நுனியில் தொடங்குகிறது. எறும்பு ஊர்வது போல இருக்கும். இரவில் எரியும். பஞ்சின்மேல் நடப்பது போலத் தோன்றும். பிறகு ஒன்றும் தோன்றாது. எரிச்சல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். பரிதாபம்! நரம்பு செத்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை நின்றுவிடும். தோல் வறண்டு வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் வலுவிழக்கும். விரல்கள் கொக்கி போல வளையும். விரல்களுக்குக் கீழே உள்ள எலும்பு முனைகள் தரையில் அழுந்தும். இன்னொரு பக்கம், இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. இரத்தம் சரியாக வராத இடத்தில் புண் எப்படி ஆறும்? பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

காவல்காரன் தூங்கிவிட்டால்

வலி என்றால் எல்லோருக்கும் வெறுப்பு. ஆனால் வலிதான் உடம்பின் காவல்காரன். முள் குத்தியதும் “ஆ!” என்று காலைத் தூக்குகிறோம். தரை சுட்டால் குதிக்கிறோம். இதற்கெல்லாம் யோசனையே தேவையில்லை.

இன்னொரு வேலையையும் வலி ரகசியமாகச் செய்கிறது. நீண்ட தூரம் நடப்பவரைக் கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு மைல் ஒரு மாதிரி நடப்பார். நான்காவது மைலில் வேறு மாதிரி நடப்பார். பெருவிரல் பக்கம் நோகத் தொடங்கியதும் பாரத்தைச் சுண்டுவிரல் பக்கம் மாற்றுகிறார். குதிகால் நொந்தால் முன்பாதத்தை ஊன்றுகிறார். கொஞ்சம் நொண்டுகிறார். கோவில் திண்ணையைக் கண்டால் உட்காருகிறார். இப்படி மாற்றி மாற்றி ஊன்றுவதால் எந்த இடமும் கெட்டுப்போவதில்லை.

உணர்ச்சி இல்லாதவர் நொண்டமாட்டார். உட்காரமாட்டார். முதல் எட்டை எப்படி வைத்தாரோ அப்படியேதான் கடைசி எட்டையும் வைப்பார். ஒரு எட்டுக்கு இரண்டரை அடி என்று கணக்குப் போட்டால், 14 கிலோ மீட்டருக்குச் சுமார் 18,000 எட்டு ஆகிறது. ஒவ்வொரு காலுக்கும் 9,000! ஒரே இடத்தில் 9,000 தடவை அழுத்தினால் என்ன ஆகும்? தோலுக்கு உள்ளே இருக்கும் சதை நசுங்குகிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சிவந்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வரும். அது உடைந்தால் குழி விழும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையின் நடுப்பகலில் தார் ரோடு 60 டிகிரிக்கும் சூடேறும். அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துபோகும். பௌர்ணமி திதி சில மாதங்களில் பகலிலேயே பிறந்துவிடுகிறது. “திதி இருக்கும்போதே சுற்றிவிட வேண்டும்” என்று சிலர் பகலிலும் புறப்படுகிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். நல்ல கால் உள்ளவர் நிழல் தேடி ஓடுகிறார். மரத்த கால் உள்ளவரோ, “எனக்குச் சுடவே இல்லை, எல்லாம் அண்ணாமலையார் அருள்!” என்று நடக்கிறார். வீட்டுக்கு வந்து, தலையணை உறையிலோ பாயிலோ ஈரம் பட்ட பிறகுதான் பாதத் தோல் உரிந்திருப்பது தெரிகிறது. திரௌபதி அம்மன் கோவில் தீமிதிக்கும் இது பொருந்தும்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

உணர்ச்சி போன காலை எப்படிக் காப்பாற்றுவது? உலகத்துக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில்தான் வேலை பார்த்தார். அந்நாளில் திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1989ல்தான். வட ஆர்க்காட்டின் தலைநகர் வேலூர். அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ல் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் பால் பிராண்ட்.

ஆங்கிலேயர்தான். ஆனால் பிறந்தது கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டில். தமிழ் பேசுவார்.

அப்பொழுது குஷ்டரோகிகளை மக்கள் ஊருக்குள் விடுவதில்லை. ஆஸ்பத்திரிகளிலும் சேர்ப்பதில்லை. விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று படித்தவர்களும் நம்பினார்கள். பிராண்டுக்கு அது சரியாகப் படவில்லை.

ஒரு நாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார். சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், பத்து வயது இருக்கும், “நான் திறக்கிறேன்” என்று வந்தான். ஒரே திருகு. பூட்டுத் திறந்துகொண்டது! இவ்வளவு பலம் இந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று பிராண்ட் வியந்தார். கீழே இரத்தம் சொட்டியிருந்தது. பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தார். சாவியின் விளிம்பு எலும்பு வரை வெட்டியிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை!

பிராண்டுக்கு விஷயம் விளங்கியது. விரல் தானாக விழவில்லை. வலி தெரியாததால், அன்றாட வேலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அடிபட்டு, வெந்து, அழிந்துபோகிறது. தூங்கும்போது எலி கடித்தும் எழுந்திருக்காத நோயாளிகளும் இருந்தார்கள். இரவில் பூனை வளர்க்கச் சொன்னார் டாக்டர்.

அவருக்கே ஒரு தடவை சோதனை வந்தது. இங்கிலாந்தில் நெடுநேரம் ரயில் பிரயாணம் செய்துவிட்டு அறைக்கு வந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாதது போலத் தோன்றியது. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று எண்ணினார். இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் மறுபடியும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் உட்கார்ந்த வாட்டத்தில் நரம்பு அழுந்தி, கால் மரத்திருந்தது. அவ்வளவுதான். வலிக்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர்.

குஷ்டம் வேறு, சர்க்கரை வியாதி வேறு. குஷ்டத்துக்குக் காரணம் கிருமி. இன்று அதை மருந்தால் முழுமையாகக் குணப்படுத்திவிடுகிறார்கள். சர்க்கரை வியாதி தொற்றாது. ஆனால் நரம்பு செத்த பிறகு இரண்டிலும் காலுக்கு நேர்வது ஒன்றே. பிராண்ட் 1966ல் அமெரிக்காவுக்குப் போனார். வேலூரில் கற்ற பாடத்தை அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணுக்குப் பயன்படுத்தினார். 2003ல் காலமானார்.

எம்.சி.ஆர். செருப்பு

வேலூரிலும், 1955ல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஏற்பட்ட குஷ்டரோக ஆராய்ச்சி நிலையத்திலும் செருப்புக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அறுவைச் சிகிச்சை செய்து புண்ணை ஆற்றி அனுப்புவார்கள். மூன்று மாதத்தில் அதே காலில் அதே புண்ணோடு ஆள் திரும்பி வருவார். கத்தியை விடச் செருப்பு முக்கியம் என்று டாக்டர்களுக்குப் புரிந்தது. மரத்தில் செய்து பார்த்தார்கள். தோலில் செய்து பார்த்தார்கள். ஆணி அடித்த செருப்பு ஆகாது என்று கண்டார்கள். ஆணி மேலே கிளம்பினால் நல்ல கால் உடனே சொல்லும். மரத்த கால் சொல்லாது அல்லவா?

கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். என்னும் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு காற்றறைகள் நிறைந்தது. பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அமுங்கிக்கொடுக்கும். பாரம் ஓர் இடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவும். நல்ல எம்.சி.ஆர். தானா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் பாதி கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டால் பழையபடி எழும்ப வேண்டும். மேலே இந்த மெத்து. அடியில் முள்ளும் கண்ணாடியும் நுழையாத கெட்டி ரப்பர். இரண்டையும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

இந்தச் செருப்பால் பலன் உண்டா? உண்டு என்பதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. இராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1954ல் சர்க்கரை வியாதிக்கு ஆஸ்பத்திரி தொடங்கினார். அங்கே காலில் ஏற்கனவே புண் வந்து ஆறிய 241 பேரை ஒன்பது மாதம் கவனித்தார்கள். முடிவு 2004ல் வெளிவந்தது. மெத்தென்ற தனிச் செருப்புப் போட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் மறுபடியும் புண் வந்தது. வழக்கமான செருப்பே போட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உலகக் கணக்குப்படி, கால் எடுக்கப்படும் சர்க்கரை வியாதிக்காரர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு, முதலில் வந்தது ஒரு சாதாரணப் புண்தான்.

இவ்வளவு இருந்தும் பலர் இந்தச் செருப்பைப் போடமாட்டேன் என்கிறார்கள். ஏன்? வெட்கம்! கறுப்பு நிறத்தில் தடித்த அடியோடு இருந்த அந்தக் காலத்துச் செருப்பைப் பார்த்தாலே “அந்த நோய்க்காரர்” என்று ஊர் விலகிற்று. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. “இதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு எப்படிப் போவது?” என்று அம்மாமார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நோயாளிக்கும் அழகு வேண்டும். ஆகையால் செருப்புச் செய்கிறவர்கள் பல நிறத்தில், பல மாதிரியில் செய்ய வேண்டும். இப்பொழுது அப்படிச் செய்யவும் தொடங்கியிருக்கிறார்கள். மகன் ஆயிரக் கணக்கில் கொடுத்துத் தனக்குப் பூட்ஸ் வாங்குகிறான். அப்பாவுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கக் கணக்குப் பார்க்கிறான். இது என்ன கணக்கு?

பாவம் வருமா?

செருப்புப் போட்டு மலையைச் சுற்றினால் பாவம் வராதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

கோவிலுக்குள் செருப்புப் போகக்கூடாது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் கிரிவலப் பாதையில் ஒரு பகுதி பஸ்ஸும் லாரியும் ஓடும் செங்கம் ரோடு. கண்ணாடித் துண்டும் கிடக்கிறது, ஆணியும் கிடக்கிறது. காய்ச்சல்காரருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விரதத்தில் விலக்குக் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். நோயாளி மருந்து சாப்பிட்டால் விரதம் கெடாது என்பார்கள். மரத்துப்போன காலுக்குச் செருப்பும் மருந்துதான். அண்ணனின் பாதுகையைச் சிங்காசனத்தில் வைத்து அயோத்தியை ஆண்டான் பரதன். செருப்பை அவ்வளவு மதித்த நாடு இது.

கோவில் நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் இதில் ஒரு காரியம் செய்யலாம். பௌர்ணமி இரவில் ஒலிபெருக்கியில் எத்தனையோ அறிவிப்புச் சொல்கிறார்கள். “சர்க்கரை வியாதி உள்ளவர்கள் செருப்பு அணிந்து வலம் வரலாம். காலில் புண் இருந்தால் வண்டியில் வரலாம்” என்று அதோடு சேர்த்துச் சொல்லட்டும். கோவில் ஒலிபெருக்கியில் கேட்டால் நம்புவார்கள். ஆயிரம் டாக்டர்கள் சொன்னாலும் அப்படி நம்பமாட்டார்கள்! தீபத் திருவிழாவுக்கு மருத்துவ முகாம் போடும்போது, கால் பரிசோதனைக்கும் ஒரு மேசை போடலாம். செலவு மிகவும் குறைவு. அதற்கு வேண்டியது நைலான் இழை ஒன்று. பாதத்தில் அதை வளையும் அளவுக்கு அழுத்தித் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் அந்தக் காலுக்கு ஆபத்து இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

இழைகூட இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு முறை உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்னும் ஊர் ஆஸ்பத்திரியில் வகுத்தது. பேரனோ பேத்தியோகூடச் செய்யலாம். தாத்தாவைக் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆக ஆறு விரல்களின் நுனியை ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவவும் கூடாது. ஒன்றிரண்டு விநாடி போதும். தொட்டது தெரிந்தால் “தெரிகிறது” என்று தாத்தா சொல்வார். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ரப்பர் செருப்பு காலிலிருந்து நழுவி விழுந்தது தெரியாமல் சிலர் நடந்துகொண்டே போவார்கள். “அப்பாவுக்கு ஞாபக மறதி” என்று வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு விரலிடுக்கில் வார் உள்ள ஹவாய் செருப்பு ஆகாது. பின்பக்கம் வார் உள்ளதாக, தளர்த்தி இறுக்கும் பட்டை உள்ளதாக வாங்க வேண்டும். மாலையில் வாங்க வேண்டும். அப்பொழுதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மரத்த கால்காரர்கள் இறுக்கமான செருப்பையே “நன்றாக இருக்கிறது” என்று எடுப்பார்கள். பிடித்தால்தானே அவர்களுக்குத் தெரிகிறது! அதனால் காகிதத்தில் காலை வைத்துக் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். செருப்புக்குள் அந்தக் காகிதம் மடங்காமல் படுத்தால் அளவு சரி. புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும். புதுச் செருப்போடு கிரிவலம் கிளம்பவே கூடாது.

போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கல் இருக்கும். பேரப்பிள்ளையின் கோலிக்குண்டு இருக்கும். தேள்கூட இருக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். அதற்குத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் அடுப்பங்கரை ஆசாரமும் கெடாது.

கோவிலுக்குள் என்ன செய்வது? விடியற்காலையிலோ மாலையிலோ போனால் கல் தரை சுடாது. உச்சிவேளைப் பிராகாரம் மரத்த காலுக்கு வேண்டாம்.

தினமும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் தெரியாதவர்களுக்கு வீட்டார் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, கணுக்காலின் வெளிப்பக்கம் எல்லாம் முக்கியம். சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருகிறவர்களுக்குக் கணுக்கால் எலும்பு தரையில் அழுந்தி அங்கேயே புண் வரும். மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றிவிடலாம். சுமங்கலித்துவத்துக்கு ஒரு குறையும் வராது. காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம். நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், ஆணிப் பிளாஸ்திரி போடுவதும் ஆபத்து. எரிகிறது என்று வெந்நீரில் காலை வைப்பது அதைவிட ஆபத்து. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக்கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சைலன்சர் சுட்டுப் புண் ஆனவர்களும் ஏராளம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்கும்போது காலையும் காட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் டாக்டர் கேட்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிவிட வேண்டும். கூச்சப்பட வேண்டியதில்லை.

கிரிவலம் முடித்து வந்த அன்று இரவு, எவ்வளவு அசதியாக இருந்தாலும், படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடுத்த மூன்று நாளும் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்கக்கூடாது. சுண்ணாம்பு, பச்சிலை, காபித்தூள் ஒன்றும் வைக்கக்கூடாது. சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் டாக்டரிடம் போக வேண்டும். சிவந்து வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. வலி இல்லையே என்று இருந்துவிடவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடந்து போகாமல் வண்டி வைத்துக்கொண்டு போக வேண்டும்.